யார் பாஷையில் வட்டம்?

உருண்டை என்று ஒரு சொல் சொன்னதற்காக எனக்கு ஒரு மத்தியானச் சோறு ஆறிப்போனது. எங்கள் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த மேடத்திடம், "காலையில போட்டதெல்லாம் நல்லா உருண்டையா வந்திருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவர் கையிலிருந்த சப்பாத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"எது உருண்டை? லட்டு உருண்டை. கோலிக்குண்டு உருண்டை. நீங்க போடறது ஷாஃப்ட் தம்பி. நீளமா இருக்கு. அது உருளை."

எதிரே உட்கார்ந்திருந்த லேத்துக்காரர் வாயில் சோற்றோடு, "அப்ப உருளைக்கிழங்கு, மேடம்? அது நீளமாவா கீது?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் டிபன் பாக்ஸை மூடினேன். மேடம் கோபித்துக்கொண்டு போய்விடுவார், காரணம் நான்தான் என்று ஆகிவிடும். ஆனால் அவர் கோபப்படவில்லை. சாப்பாட்டை மறந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"ஆமால்ல! சமையக்கட்டு பாஷையில உருளைன்னா உருண்டை. நம்ம பாஷையில உருளைன்னா ஷாஃப்ட். ரெண்டும் சரிதான். கலந்துடக் கூடாது, அவ்வளவுதான்."

அதன் பிறகு முட்டை உருண்டையா இல்லையா என்று பேச்சு போனது. பெல் அடித்துவிட்டார்கள்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தக் கேள்விதான்: "யார் பாஷையில சொல்றீங்க?" தமிழா, கன்னடமா என்று அவர் கேட்கவில்லை. கொத்தனார் பாஷையா, தையல்காரர் பாஷையா, டிராயிங் பாஷையா என்று கேட்டார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவன் இது புரியாமல், "தமிழ்லதான் மேடம் சொன்னேன்" என்று பயந்துபோய்ச் சொன்னான். எங்களுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'பாஷை மேடம்'. நிஜப் பெயர் எனக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது. எங்கேயாவது இருந்து படித்து, "இது யார் பாஷை?" என்று கேட்டாலும் கேட்பார்.

பட்டறை ராஜாஜிநகரைத் தாண்டி ஒரு தகர ஷெட்டில் இருந்தது. லேத்து நாலு, டிரில்லிங் ஒன்று, கிரைண்டிங் ஒன்று. கிரைண்டிங் மெஷினில் நான் நின்றேன். சின்ன பம்புகளுக்குள் சுற்றும் ஷாஃப்டை, இரண்டு கல் சக்கரங்களுக்கு நடுவே விட்டு மழமழவென்று தேய்த்து எடுக்கும் வேலை. நான் தேய்த்ததை மேடம் அளந்து பார்ப்பார். சரி என்றால் பச்சைப் பெயிண்ட், தப்பு என்றால் சிவப்பு. டிப்ளமா படித்தவர். காட்டன் புடவை மேல் நீலக் கோட்டு, கொண்டையில் ஒரு பென்சில், புடவை முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியில் கோடு விழுந்திருக்கும். அல்சூரில் அண்ணன் வீட்டில் இருந்தார். சிவாஜிநகர் வந்து பஸ் மாறி வர வேண்டும்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாராவது "என்ன சொன்னே?" என்று திருப்பிக் கேட்டால் போதும், மறுபடியும் பெஞ்சு மேல் ஏறி நிற்கிற மாதிரி இருக்கும். அதனால் முதல் ஒரு வருஷம் மேடத்திடம் தலையாட்டுவதோடு சரி. பிறகுதான் தெரிந்தது, அவர் நம்மை மடக்குவதற்காகக் கேட்பதில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் அவருக்குத்தான் தூக்கம் வராது. அதுவும் ஒரு வகையில் கஷ்டம்தான். லாரி வாசலில் நிற்கும், மேடம் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, "இதுல 'நடு'ன்னு போட்டிருக்கே, நீளத்துக்கு நடுவா, ஓட்டைக்கு நடுவா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஓனர் கண்ணாடி ரூமிலிருந்து வெளியே வந்து தலையில் அடித்துக்கொள்வார். "மேடம், நிம்ம காலு ஹிடீத்தினி, லாரி போகணும்!" உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று கன்னடத்தில் கெஞ்சுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு குளிர்காலத்தில், இந்த ஊரில் பாஷை என்ற வார்த்தையே பயமாக இருந்தது. காவிரித் தண்ணீருக்காகக் கடைகள் மூடிக் கிடந்து, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்த நேரம். பஸ்ஸில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அப்படி ஒரு சாயங்காலம் மேடமும் நானும் ஒரே பஸ்ஸில். கண்டக்டர், "சர்க்கிள், சர்க்கிள், இளீரி" என்று இறங்கச் சொல்லிக் கத்தினார். மேடம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதுல எங்க வட்டம் இருக்கு? மூணு ரோடு சேருது. முக்கோணமா இருக்கு."

"மெதுவா மேடம்."

"இல்ல, பாருங்களேன். இந்த ஊர் பாஷையில சர்க்கிள்னா ரோடு சேர்ற இடம். எங்க அப்பா ஊர்ல வட்டம்னா தாலுகா ஆபீசு. வட்டமே இல்லாத எடத்துக்கெல்லாம் வட்டம்னு பேரு."

முன் சீட்டில் இரண்டு பேர் திரும்பினார்கள். மேடம் நிறுத்தவில்லை. கண்டக்டரிடமே கன்னடத்தில், "யாவ சர்க்கிள்லி ரௌண்டு இதெ, ஹேளி நோடோணா" என்று கேட்டார். வட்டமான சர்க்கிள் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம் என்று.

கண்டக்டர் சிரித்தே விட்டார். பிறகு குனிந்து, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நல்ல தமிழில் சொன்னார்: "வட்டமா இருந்தா இன்னா, சப்பையா இருந்தா இன்னா, எறங்கும்மா. பின்னாடி வண்டி நிக்குது." அந்த வாரம் முழுவதும் இருந்த பயம் எனக்கு அந்த ஒரு நிமிஷம் இல்லை.

என் கல்யாணத்துக்கு மேடத்தால் வர முடியவில்லை. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வீடு என்றால் ஒரு ரூம், ஒரு சமையல் இடம், பின்னால் குளிக்கிற இடம். அன்றைக்குப் பார்த்து குளிக்கிற இடத்தில் தரை போட்டுக்கொண்டிருந்தார் மேஸ்திரி. மேடத்தை எங்கே உட்கார வைப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவரோ பையைக் கீழே வைக்காமல் நேரே பின்னால் போய்விட்டார்.

"மட்டம் பாத்துட்டீங்களா மேஸ்திரி?"

"பாத்தாச்சு மா. மட்டமாத்தான் கீது."

மேடம் ஒரு சொம்புத் தண்ணீரை, ஏற்கெனவே காய்ந்திருந்த பக்கத்தில் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் மூலையைப் பார்த்து ஓடியது. "ஓடுதே? மட்டமா இருந்தா அப்படியே நிக்கணுமே?"

மேஸ்திரி கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நின்னா? இந்தப் பொண்ணு தெனம் குளிச்சிட்டு, நின்ன தண்ணிய தொடப்பத்தால தள்ளிக்கினே இருக்கணுமா? ஓடாத மட்டம் உங்க ஃபேக்டரிக்கு மா. எனக்கு மேடு பள்ளம் இல்லாம, ஓட்டைக்கு ஓடணும். அதான் மட்டம்."

இந்த ஆள் மேடத்தை இப்படிப் பேசிவிட்டாரே என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மேடமோ பரிசு கிடைத்த குழந்தை மாதிரி நின்றார். "மேடு பள்ளம் இல்லாம இருக்கறது வேற, படுக்கையா இருக்கறது வேற. நாங்க ரெண்டையும் சேர்த்து ஒரே வார்த்தையில சொல்லிக்கிட்டு இருக்கோம்" என்றார். பிறகு, "நாங்கதான் கலக்கறோம் மேஸ்திரி" என்றார். மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. "டீ குடிச்சிட்டுப் போ மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

உள்ளே என் மனைவி ஜாக்கெட் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே தைத்துக் கொடுப்பாள். மேடம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, துணிய இப்படி மூலைவாட்டுல வச்சு வெட்டறியே, இதுக்குப் பேரு?"

"கிராஸ் கட்டிங் கா."

"உன் வீடு எத்தனாவது கிராஸ்?"

"ஆறாவது கிராஸ்."

"அந்தக் கிராஸும் இந்தக் கிராஸும் ஒண்ணா?"

என் மனைவி கத்தரிக்கோலைப் பிடித்தபடி யோசித்தாள். "இல்லக்கா. தெரு மெயின் ரோட்ட நேரா வெட்டிக்கினு போவுது. துணி வந்து சாய்ச்சு வெட்டணும், அப்பத்தான் இழுத்தா குடுக்கும். நேரா வெட்டுனா கை தூக்க முடியாது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "இத்தன வருஷமா ரெண்டையும் கிராஸ் கிராஸ்னு சொல்றேன், தோணவே இல்ல பாரு."

மேடம் போன பிறகு, "உங்க ஆபீசுல இவங்க ஒருத்தர்தான் என்னை 'எத்தன மாசம், வீட்டுல விசேஷம் இல்லையா'ன்னு கேக்கல" என்றாள். அவளுக்கு மேடத்தை ரொம்பப் பிடித்துவிட்டது.

பட்டறையில் எல்லாருக்கும் அப்படி இல்லை. லேத்துக்காரர் ஒரு தடவை, "வூட்டுல பேச ஆளில்ல, அதான் இங்க வந்து வார்த்தைய நோண்டிக்கினு கீது" என்றார். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியிருக்கிறது. ஒரு மனுஷிக்கு எல்லாச் சொல்லும் பிரிந்து பிரிந்து தெரிந்தால் அவரால் நிம்மதியாக ஒரு பேச்சாவது பேச முடியுமா?

என் மனைவிக்கு நிறைமாதமாக இருந்தபோதுதான் அந்த ஷாஃப்டுகள் திரும்பி வந்தன.

பம்பு கம்பெனிக்காரர்கள் இரண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஓட்டைக்குள் போகவில்லை, போனாலும் இறுகுகிறது, ஷாஃப்ட் வட்டமாக இல்லை என்று சொல்லி. எல்லாம் நான் தேய்த்தது. எல்லாவற்றிலும் மேடத்தின் பச்சைப் பெயிண்ட். ஓனர் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னாலேயே அளந்தார். ஷாஃப்டைத் திருப்பித் திருப்பி, எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே அளவு.

"சரியாத்தானப்பா இருக்கு! அவங்க ஓட்டைதான் தப்பு. சனிக்கிழமை அவங்க இன்ஜினியர் வர்றாரு. கண்ணு முன்னாடி அளந்து காட்டறேன்." போகும்போது நின்று என்னைப் பார்த்தார். "தப்பு நம்மதுன்னு ஆச்சுன்னா, மெஷின்ல நிக்கற ஆளை நான் மாத்தியே ஆகணும். தெரியும்ல?"

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் பிரசவம் எங்கே, வாடகை எப்படி, வேறு பட்டறையில் "அங்கே ஏன் விட்டே?" என்று கேட்டால் என்ன சொல்வது. அளந்த ஷாஃப்டையே மறுபடி மறுபடி அளந்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருந்தது. அதுவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எல்லாரும் கிளம்பிய பிறகு மேடம் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு இரும்புக் கட்டை. மேலே இங்கிலீஷ் வி எழுத்து மாதிரி பள்ளம் வெட்டியது. பள்ளத்தில் திரும்பி வந்த ஷாஃப்ட் ஒன்று படுத்திருந்தது. அதன் முதுகைத் தொட்டபடி ஒரு டயல், முள்ளோடு.

"ஷாஃப்டை மெதுவா சுத்துங்க தம்பி."

சுற்றினேன். முள் ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்சம் சுற்ற, மறுபடி ஏறி இறங்கியது. ஒரு முழுச் சுற்று முடிவதற்குள் மூன்று தடவை. வட்டமாக இருந்தால் முள் அசையவே கூடாது.

"மூணு மூலை இருக்கு" என்றார் மேடம். "கண்ணுக்குத் தெரியாத மூலை. ஒரு பக்கம் மேடா இருந்தா அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் அதே அளவு சப்பையா இருக்கு. அதனால மைக்ரோமீட்டர்ல எப்படிப் பிடிச்சாலும் ஒரே விட்டம் காட்டும். ஓட்டைக்கு மட்டும் தெரிஞ்சிடும்."

"எல்லாப் பக்கமும் ஒரே விட்டம்னா அது வட்டம்தானே மேடம்?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். வட்டம்னா விட்டம் ஒண்ணா இருக்கும். ஆனா விட்டம் ஒண்ணா இருந்தா அது வட்டம்னு ஆகாது." கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலேயே மறுபடி போட்டுக்கொண்டார். "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கேள்வி கேட்டேன். என் கையில இருந்த ரெண்டு வார்த்தைய நானே கலந்திருக்கேன்."

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "மேடம், இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். நாளைக்கு அவரும் மைக்ரோமீட்டர்லதான் பாப்பாரு. சரியாத்தான் காட்டும். வீட்டுல இந்த வாரமோ அடுத்த வாரமோன்னு இருக்கா மேடம்."

"தெரியும்" என்றார். ஷாஃப்டைத் துணியில் சுற்றி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. ஓனர் அவருக்கு இளநீர் வாங்கி வைத்திருந்தார். நான் நினைத்த மாதிரியே அவர் தன் பையிலிருந்து தன் மைக்ரோமீட்டரை எடுத்தார். ஒன்று, இரண்டு, கைநிறைய அள்ளி ஒவ்வொன்றாக. முகம் மாறிக்கொண்டே வந்தது.

"சரியாத்தானுங்க இருக்குது. எங்க ஆளுங்க ஓட்டையில ஏதோ பண்ணீட்டாங்க போல" என்றார். "சாரிங்க."

ஓனர் என் தோளைத் தட்டினார். நான் மூச்சு விட்டேன்.

"சார்" என்றார் மேடம். "உங்க ஆளுங்க வட்டமா இல்லைன்னு சொன்னாங்களே. அதை நாம இன்னும் பாக்கலை. நாம பாத்தது விட்டம்."

டிராயரைத் திறந்தார். கட்டை, டயல், துணியில் சுற்றிய ஷாஃப்ட். இன்ஜினியரையே சுற்றச் சொன்னார். முள் மூன்று தடவை ஏறி இறங்கியது. இன்ஜினியர் பெட்டிக்குள் கையை விட்டார். வேறொன்றை எடுத்து வைத்தார், அதுவும் அப்படியே. நான் மெஷின் பக்கம் போய் நின்றுகொண்டேன். இப்படிக் காட்டிக்கொடுப்பதற்கு வேறு யாராவது இருந்திருக்கலாம், இவரா என்று நினைத்தேன்.

ஓனர் முகம் கறுத்துவிட்டது. "அப்படின்னா இது யாரு தப்பு?" என்று கேட்டார். கேட்டது பொதுவாக. ஆனால் திரும்பியது என் பக்கம். இன்ஜினியரும் என்னைப் பார்த்தார். லேத்துக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார்.

மேடம் நடுவில் வந்து நின்றார்.

"அவரைப் பாக்காதீங்க சார். நான் அவர்கிட்ட கேட்டது விட்டம். அவர் கொடுத்தது விட்டம், ஒரு நூல் பிசகாம. வட்டத்தை யாரும் அவர்கிட்ட கேக்கலை. கேட்டிருக்க வேண்டியது இன்ஸ்பெக்‌ஷன். அது நான்."

குரல் உயரவில்லை. லட்டுக்கும் ஷாஃப்டுக்கும் வித்தியாசம் சொன்ன அதே குரல்தான். இன்ஜினியர் ஷாஃப்டை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு, "டிராயிங்ல நாங்களும் விட்டம் மட்டுந்தானுங்க போட்டிருக்கோம்" என்றார் மெதுவாக. ஓனருக்கு அதற்கு மேல் என்னைப் பார்க்க வழியில்லை.

சாயங்காலம் மேடத்தைக் கண்ணாடி ரூமுக்குள் கூப்பிட்டார் ஓனர். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. கை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. மேடம் வெளியே வந்தபோது நீலக் கோட்டு கையில் மடிந்திருந்தது. அதை ஸ்டூல் மேல் வைத்தார். என் மெஷினைத் தாண்டும்போது நின்றார்.

"ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஷாஃப்டைத் தாங்கற பட்டை இருக்குல்ல தம்பி, அது தேஞ்சு எறங்கியிருக்கும். கொஞ்சம் தூக்கிப் போட்டுப் பாருங்க. சரியாயிடும்."

அவ்வளவுதான் பேசினார். திங்கட்கிழமை பட்டையைத் தூக்கிப் போட்டேன். முள் அசையாமல் நின்றது. மேடத்துக்குப் பிறகு அந்த ஸ்டூலுக்கு யார் யாரோ வந்தார்கள். யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. அவர் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார் என்று பல வருஷம் கழித்து யாரோ சொன்னார்கள். நிச்சயமாகத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை நிலையில். என் முகத்தைப் பார்த்து அவளால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னாச்சு? சொல்லு."

"வேலை இருக்கு" என்றேன்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "அப்பாடா" என்றாள். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"அந்தக்காவுக்கு?" என்றாள்.

இரண்டாவது செருப்பைக் கழற்ற எனக்கு ரொம்ப நேரம் ஆனது.